நடுவில் மாட்டிக்கொண்ட பூமி



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு என் பங்காக ஒரு பாடக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத பாடம். ஒரு காமிக்ஸ் கதை! "காமிக்ஸா? அது எப்படிப் பாடமாகும்?" என்று கடைசி பெஞ்சில் கேட்பது இங்கேயே கேட்கிறது. முழுசா படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

கதையின் பெயர் 'க்ரீ-ஸ்க்ரல் போர்'. அமெரிக்காவில் மார்வெல் கம்பெனி வெளியிடும் 'அவெஞ்சர்ஸ்' என்ற மாத இதழில் 89 முதல் 97 வரை ஒன்பது இதழ்களில் தொடராக வந்தது. அட்டையில் உள்ள தேதிப்படி 1971 ஜூன் முதல் 1972 மார்ச் வரை. எழுதியவர் ராய் தாமஸ். முதல் நான்கு இதழ்களுக்குப் படம் வரைந்தவர் சால் பஸீமா. பிறகு நீல் ஆடம்ஸ் வந்தார். கடைசி இதழை சாலின் அண்ணன் ஜான் பஸீமா வரைந்தார். இப்போது ஒன்பதையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடுகிறார்கள். சென்னையில் வேலை பார்க்கும் என் மாமா அதைக் கொண்டு வந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். 2019-ல் வந்த 'கேப்டன் மார்வெல்' படத்தைப் பார்த்தவர்களுக்கு க்ரீ, ஸ்க்ரல் என்ற பெயர்கள் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கதை வேற, இந்தக் கதை வேற. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் யார் யார் என்று பார்ப்போம்.

ஸ்க்ரல்கள் பச்சைத் தோல்காரர்கள். தாடையில் வரி வரியாக மடிப்பு இருக்கும், காது கூராக இருக்கும். யாருடைய உருவத்தை வேண்டுமானாலும் எடுக்கக்கூடியவர்கள். இவர்கள் 1962-லேயே 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாம் இதழில் வந்துவிட்டார்கள். க்ரீக்கள் வந்தது 1967-ல். இவர்கள் ராணுவ ஒழுங்கு உள்ள கூட்டம். நீலத் தோல்காரர்களும் உண்டு, நம்மைப் போல மனிதத் தோல் நிறம் உள்ளவர்களும் உண்டு. நீலத் தோல்காரர்கள் தாங்கள்தான் உசத்தி என்று நினைப்பார்கள். இத்தனை தூரம் போயும் அந்தப் புத்தி விடவில்லை பாருங்கள்!

தூரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அறிவியல் டீச்சர், "கதை மட்டும் எழுதினா போதாது, கணக்கும் இருக்கணும்" என்று சொன்னார்கள். அதனால் கணக்கு.

ஒளி ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நிலாவில் பட்ட ஒளி நம்மிடம் வர ஒன்றே கால் நொடிக்குக் கொஞ்சம் கூட ஆகும். சூரியனிலிருந்து வர 8 நிமிடம் 20 நொடி. இப்படியே ஒரு வருடம் முழுக்க ஓடினால் அந்தத் தூரம் ஒரு ஒளியாண்டு. கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 9.46 லட்சம் கோடி. கதைப்படி க்ரீக்களின் ராஜ்யம் இருப்பது பெரிய மெகல்லன் மேகத்தில். ஸ்க்ரல்களின் ராஜ்யம் ஆன்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தில். இரண்டும் கற்பனை இல்லை, நிஜமாகவே வானத்தில் இருப்பவை. மெகல்லன் மேகம் நம்மிடமிருந்து சுமார் 1,60,000 ஒளியாண்டு. ஆன்ட்ரோமெடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டு.

எண்ணாகச் சொன்னால் மண்டையில் ஏறாது என்று இந்தத் தாளுக்குக் கீழே சுவரில் ஒரு நூல் கட்டியிருக்கிறேன். (யாரும் இழுக்காதீங்க, ப்ளீஸ்.) 1 சென்டிமீட்டர் என்றால் 10,000 ஒளியாண்டு. நடுவில் பூரி அளவுக்கு ஒரு வட்டம் இருக்கிறதல்லவா, அதுதான் நம் பால்வீதி. குறுக்களவு 10 சென்டிமீட்டர். அதில் சூரியனைப் பென்சில் முனையால்கூட வைக்க முடியாது, அவ்வளவு சிறியது. நம்மிடமிருந்து 16 சென்டிமீட்டரில் சிவப்பு முடிச்சு, அது க்ரீ ராஜ்யம். மறுபக்கம் இரண்டரை மீட்டர் தள்ளி, ஜன்னலைத் தாண்டி, பச்சை முடிச்சு. அது ஸ்க்ரல் ராஜ்யம். நம் ஊர் வானத்தில் ஆன்ட்ரோமெடா வடக்கே இருக்கிறது. நவம்பர் மாத இரவில் இருட்டான இடத்தில் நின்றால் வெறும் கண்ணுக்கே மங்கலான திட்டாகத் தெரியும். மெகல்லன் மேகம் தெற்கே, அடிவானத்தை ஒட்டியே ஏறி இறங்கிவிடும். ஆகவே நாம் இரண்டுக்கும் இடையில் இருக்கிறோம் என்று கதையில் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் நட்ட நடுவிலும் இல்லை. க்ரீக்களுக்கு நாம் பக்கத்து வீடு, ஸ்க்ரல்களுக்கு ஏழு கடல் தாண்டிய ஊர்.

(உங்களுக்குத் தெரியுமா? 1987 பிப்ரவரியில் அந்த மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது பூமியில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது பூமியில் ஒரு ஊர்கூடக் கிடையாது.)

சரி, இவர்களுக்குள் என்ன சண்டை? இந்த ஒன்பது இதழில் அதற்குப் பதில் இல்லை. 1975-ல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் என்ற எழுத்தாளர் அதே அவெஞ்சர்ஸ் இதழில் பின்கதையாக எழுதினார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் போர் ஒரு போட்டியில் தொடங்குகிறது. பழங்காலத்தில் ஸ்க்ரல்கள் சண்டைக்காரர்களே இல்லையாம், வியாபாரிகளாம். அவர்களுடைய கப்பல் ஹாலா என்ற கிரகத்தில் இறங்குகிறது. அங்கே இரண்டு இனம். ஒன்று க்ரீ, அப்போது ஆயுதம் ஏந்திய காட்டு மக்கள். இன்னொன்று கொடாட்டி, அதாவது அறிவுள்ள செடிகள்! யாரோடு உறவு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஸ்க்ரல்கள் ஒரு போட்டி வைக்கிறார்கள். இரண்டு கூட்டத்தையும் வெவ்வேறு வெறும் பொட்டல் நிலத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஒரு வருடத்தில் என்ன செய்து காட்டுகிறீர்கள் பார்க்கலாம் என்கிறார்கள். க்ரீக்களை இறக்கியது நம்ம நிலாவில். அவர்கள் பெரிய நகரமே கட்டிவிட்டார்கள். கொடாட்டிகள் பேசாமல் ஒரு தோட்டம் வளர்த்தார்கள்.

பரிசு தோட்டத்துக்கு.

க்ரீக்களுக்குத் தாங்கவில்லை. கொடாட்டிகளைக் கொன்றார்கள். தடுக்க வந்த ஸ்க்ரல்களையும் கொன்று அவர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கப்பலைப் பிரித்துப் பார்த்துத்தான் விண்வெளிக்குப் போகவே கற்றார்கள். செய்தி தெரிந்த ஸ்க்ரல்களும் வியாபாரத்தை விட்டுவிட்டு ஆயுதம் செய்யக் கிளம்பினார்கள். அன்றைக்குத் தொடங்கியது லட்சக்கணக்கான வருடம் ஓடுகிறது. நம் விளையாட்டு விழாவில் நடுவர் தீர்ப்பு பிடிக்கவில்லை என்று நடக்கும் கலாட்டா எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே கையில் ஆயுதம் இருந்தது, அதுதான் வித்தியாசம்.

இனி 1971-க்கு வருவோம். பூமிக்கு இதில் என்ன வேலை? ஒன்றும் இல்லை! அதுதான் இந்தக் கதையின் விஷயமே. ரேமண்ட் ஜோன்ஸ் என்பவர் எழுதிய ஒரு நாவலிலிருந்து இந்த எண்ணம் வந்ததாக ராய் தாமஸ் சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் பசிபிக் கடலில் சண்டை போட்டபோது நடுவில் இருந்த சின்னச் சின்னத் தீவுகளை நினைத்துப் பாருங்கள். அந்தத் தீவுக்காரர்களுக்கு இரண்டு பக்கத்தோடும் பகை கிடையாது. அவர்களுடைய ஊர் ஒரு விமான தளத்துக்குத் தோதாக இருந்தது, அவ்வளவுதான்.

நிஜ உதாரணம் ஒன்று: குவாடல்கனால். சாலமன் தீவுகளில் ஒன்று. ஜப்பானியர்கள் அங்கே விமான தளம் அமைக்கத் தொடங்கினார்கள். 1942 ஆகஸ்ட் 7-ல் அமெரிக்கப் படை இறங்கியது. 1943 பிப்ரவரி வரை ஆறு மாதம் சண்டை. சாலமன் தீவுகள் 1978-ல் சுதந்திர நாடாகிவிட்டது. ஆனாலும் அந்தப் போரில் வெடிக்காமல் போன குண்டுகள் இன்றைக்கும் அந்த மண்ணில் கிடைக்கின்றன. தோட்டம் கொத்தினால், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் அகப்படுகிறது. சண்டை போட்டவர்கள் சமாதானமாகி எண்பது வருடம் ஆகிறது. எங்க பாட்டி சொல்லும், ரெண்டு வீட்டுக்காரன் கம்பெடுத்தா முதல்ல விழுறது நடுவீட்டு வேலிதான்னு.

கதையில் பூமிதான் அந்த நடுவீடு. 93ஆம் இதழின் தலைப்பிலேயே பூமியை, படை வந்து இறங்குகிற கடற்கரை என்று சொல்லிவிடுகிறார் தாமஸ்.

கதை இப்படிப் போகிறது. மார்-வெல் என்று ஒரு க்ரீ ராணுவத் தளபதி. பூமியை வேவு பார்க்க அனுப்பப்பட்டவர். வந்த இடத்தில் மனிதர்கள் மேல் பாசம் வந்து, துரோகம் செய்ய மாட்டேன் என்று தன் நாட்டையே எதிர்த்தவர். ஆகவே அங்கேயும் அவருக்கு இடமில்லை, இங்கேயும் முழுசாக இடமில்லை. அவரை அவெஞ்சர்ஸ் துரத்திப் பிடித்து, உடம்பில் ஏறியிருந்த ஆபத்தான கதிர்வீச்சை நீக்கிக் காப்பாற்றுகிறார்கள். அதே சமயம் ஹாலாவில் ரோனன் என்ற தளபதி ஆட்சியைப் பிடித்துக்கொள்கிறான். அதுவரை அங்கே ஆண்டது ஒரு மனிதன் இல்லை. இறந்துபோன பெரிய பெரிய அறிவாளிகளின் மூளைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்த ஒரு உயிருள்ள கம்ப்யூட்டர். பச்சையாக ஒரு பெரிய முகம், தலையில் முடிக்குப் பதில் வாலைப்போல் தொங்கும். 'மகா அறிவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோனன் அதைச் சிறை வைத்துவிட்டு, வடதுருவத்தில் ஒரு இயந்திரத்தை வைத்து மனிதர்களைக் குகை மனிதர்களாகப் பின்னோக்கி மாற்றப் பார்க்கிறான். அவெஞ்சர்ஸ் தடுக்கிறார்கள். இது 90, 91 இதழ்கள். அடிதடிதான், வேகமாகப் புரட்டிவிடலாம்.

நிறுத்திப் படிக்க வேண்டியது 92ஆம் இதழ். என் கருத்தில் ஒன்பதிலும் இதுதான் சிறந்தது. இத்தனைக்கும் இதில் விண்கலமே பெரிதாக இல்லை.

வடதுருவத்தில் குகை மனிதர்களாக மாறி மீண்ட மூன்று பேர், நடந்ததை வெளியே சொல்ல மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குச் சொல்லிவிடுகிறார்கள். "நம் நடுவில் வேற்றுக்கிரகத்தார் இருக்கிறார்கள்!" என்று நாடு முழுக்கப் பயம் பிடிக்கிறது. ஹெச். வாரன் கிராடக் என்ற அரசியல்வாதி ஒரு விசாரணைக் கமிஷன் அமைக்கிறார். மார்-வெல்லுக்கு அடைக்கலம் கொடுத்த அவெஞ்சர்ஸைக் கூண்டில் ஏற்றுவதுபோல ஏற்றிக் கேள்வி கேட்கிறார். நேற்று வரை கைதட்டிய ஜனங்கள் இன்றைக்குத் தூற்றுகிறார்கள். மார்-வெல் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. எங்கே பிறந்தார் என்பதுதான் குற்றம்.

இங்கே ஒரு ஆங்கில வார்த்தையைக் கவனிக்க வேண்டும். ஏலியன். நாம் சினிமாவைப் பார்த்து ஏலியன் என்றால் பெரிய தலை, பெரிய கண் என்றுதான் நினைக்கிறோம். அகராதியில் பார்த்தால் முதல் அர்த்தமே 'அயல்நாட்டான்' என்றுதான் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்திலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை அந்த வார்த்தையால்தான் குறிப்பிட்டார்கள். தாமஸ் இரண்டு அர்த்தத்தையும் வைத்து விளையாடுகிறார்.

கிராடக்கின் கமிஷனும் சும்மா வந்த கற்பனை இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1938-ல், 'அமெரிக்கத்தன்மைக்கு எதிரான நடவடிக்கைகளை' விசாரிக்க ஒரு குழு ஏற்படுத்தினார்கள். 1975-ல்தான் அது கலைந்தது. கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. 1947-ல் சினிமா எழுத்தாளர்கள், டைரக்டர்கள் பத்துப் பேர் அதன் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்து ஜெயிலுக்குப் போனார்கள். 1950-ல் மெக்கார்த்தி என்ற செனட்டர் ஒரு கூட்டத்தில், அரசாங்கத்துக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன்னிடம் இருக்கிறது என்றார். அதிலிருந்து நாலு வருடம் யார் மேல் யார் வேண்டுமானாலும் விரல் நீட்டலாம் என்று ஆகிவிட்டது. பலருக்கு வேலை போயிற்று. "உன் கூட்டாளிகள் பெயரைச் சொல், உன்னை விட்டுவிடுகிறேன்" என்பதுதான் அங்கே முறை. கிராடக்கும் அதே தொனியில்தான் கேட்கிறார்.

இதைவிட ருசியான விஷயம் ஒன்று. 1954-ல் அமெரிக்க செனட்டில் ஒரு விசாரணை நடந்தது. யார் மேல் தெரியுமா? காமிக்ஸ் மேல்! காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற டாக்டர் அந்த வருடம் ஒரு புத்தகமே எழுதினார். பயந்துபோன கம்பெனிகள் தாங்களே ஒரு தணிக்கை வாரியம் வைத்துக்கொண்டன. அதன் முத்திரை இருந்தால்தான் கடைக்காரர் வாங்குவார். எத்தனையோ இதழ்கள் நின்றுபோயின. அந்த முத்திரை இந்த ஒன்பது இதழ்களின் அட்டையிலும் இருக்கிறது. விசாரணைக் கூண்டில் நின்ற காமிக்ஸ், பதினேழு வருடம் கழித்து ஒரு விசாரணைக் கூண்டைப் படமாக வரைந்து காட்டியது. "எப்பப் பார்த்தாலும் பொம்மைப் புத்தகம்" என்று யாராவது உங்களைத் திட்டினால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

இதழின் கடைசியில் தோர், அயர்ன் மேன், கேப்டன் அமெரிக்கா மூவரும் வந்து, "அவெஞ்சர்ஸ் இன்றோடு கலைக்கப்பட்டது" என்று அறிவிக்கிறார்கள். வீட்டைக் கட்டியவர்களே பூட்டிவிட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் அந்த மூவரும் உண்மையானவர்கள் இல்லை. உருவம் மாறி வந்த ஸ்க்ரல்கள்.

இப்போது மாடுகள் கதைக்கு வரலாம். இது சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

1962 கதையில் ஸ்க்ரல் ஒற்றர்கள் பூமிக்கு வருகிறார்கள். பின்னால் பெரிய கப்பற்படை காத்திருக்கிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? காமிக்ஸ் புத்தகத்திலிருந்து பூதங்கள், ராட்சத எறும்பு மாதிரிப் படங்களை வெட்டி எடுத்து, "பாருங்கள், பூமியில் இப்படிப்பட்ட காவலாளிகள் இருக்கிறார்கள்" என்று காட்டினார். ஸ்க்ரல்களுக்கு அது போட்டோவா, கையால் வரைந்ததா என்று தெரியவில்லை. படையே திரும்பி ஓடிவிட்டது! மாட்டிக்கொண்ட ஒற்றர்களை மாடாக மாறச் சொல்லி, தாங்கள் யார் என்பதையே மறக்கும்படி வசியம் செய்துவிட்டார். அவை புல் மேய்ந்துகொண்டு நின்றன. கதை முடிந்தது என்றுதான் 1962-ல் படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஒன்பது வருடம் கழித்து 93ஆம் இதழில் ராய் தாமஸ் அந்த மாடுகளைத் திரும்பக் கொண்டுவருகிறார். அவை மேய்ந்துகொண்டிருக்கும் பண்ணைக்குத்தான் மார்-வெல் ஒளிந்துகொள்ளப் போகிறார். வேறு எழுத்தாளர் எழுதிய வேறு புத்தகத்தில் வந்த ஒரு வேடிக்கையை ஞாபகம் வைத்திருந்து இத்தனை பெரிய போருக்குள் வைத்தாரே, அதற்காகவே அவருக்குக் கைதட்டலாம்.

அந்தப் பண்ணையில் உதவி செய்த கேரல் டான்வர்ஸ் என்ற பெண்ணும் வேடம்தான். உள்ளே இருந்தது சூப்பர் ஸ்க்ரல், ஸ்க்ரல்களின் பெரிய வீரன். அவனுக்கு வேண்டியது ஆம்னி-வேவ் என்ற கருவி. க்ரீக்கள் கையில் இருந்தால் அது தூரத்து ஊருக்குத் தகவல் அனுப்பும் கருவி. வேறு யார் கையிலாவது கிடைத்தால் ஆட்களைக் கொல்லும் ஆயுதம். மார்-வெல்லை ஏமாற்றி அதைச் செய்ய வைக்கிறார்கள். முடியும் நேரத்தில் சூழ்ச்சி தெரிந்து அவரே அதை உடைத்துவிடுகிறார். உடனே அவரையும், வாண்டா, பியட்ரோ என்ற இரட்டையரையும் தூக்கிக்கொண்டு சூப்பர் ஸ்க்ரல் ஆன்ட்ரோமெடாவுக்குப் பறக்கிறான். "கருவியைச் செய், இல்லாவிட்டால் இவர்கள் உயிர் போகும்" என்கிறான் ஸ்க்ரல் சக்கரவர்த்தி. வேறு வழியில்லாமல் மறுபடி செய்கிறார் மார்-வெல். ஆனால் அதை வைத்துத் தன் நண்பன் ரிக் ஜோன்ஸுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறார்.

நீல் ஆடம்ஸின் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 93ஆம் இதழ் 52 பக்கம், விலை 25 சென்ட். விஷன் என்ற செயற்கை மனிதன் மயங்கி விழ, ஆன்ட்-மேன் எறும்பு அளவாகி அவன் வாய் வழியாக உள்ளே போகிறார், கூடவே நிஜ எறும்புகளும். உடம்புக்குள் ரத்தக்குழாய்க்குப் பதிலாகக் கம்பிகளும் குழாய்களும் பெரிய குகைபோல விரிகின்றன. போருக்கும் இதற்கும் அதிகச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் அந்தப் பக்கங்களை நான் எத்தனை முறை புரட்டினேன் என்று எனக்கே தெரியாது. 96ஆம் இதழில் அதே விஷன், வாண்டா எங்கே என்று கேட்டு ஒரு ஸ்க்ரல் அதிகாரியைச் சாகும் அளவுக்கு அடிக்கிறான். நண்பர்கள் தடுத்து இழுக்க வேண்டியிருக்கிறது. நல்லவன் கோபத்தில் எப்படி ஆவான் என்பதை ஆடம்ஸ் முகத்திலேயே காட்டிவிடுகிறார்.

அதே இதழில் பூமியை நோக்கி ஒரு ஸ்க்ரல் கப்பல் அணுகுண்டோடு வருகிறது. அதற்குள் தனியாகப் போகிறவர் கோலியாத் என்கிற கிளின்ட் பார்ட்டன். மருந்து குடித்தால் பனைமரம் போல வளர்வார். ஆனால் அன்றைக்கு மருந்து தீர்ந்துவிட்டது. சாதாரண ஆளாகவே நின்று அந்தக் குண்டு பூமிக்கு வராமல் தடுக்கிறார். போர் முடிந்து எல்லாரும் கூடும்போது அவர் மட்டும் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இனி ரிக் ஜோன்ஸ். இவன் சூப்பர் ஹீரோ இல்லை, சக்தி எதுவும் கிடையாது. பதின்வயதுப் பையன். அப்பா அம்மா இல்லாமல் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். 1962-ல் முதல் 'ஹல்க்' இதழிலிருந்தே இருக்கிறான், 1963-ல் அவெஞ்சர்ஸ் சேர்ந்ததற்கும் இவன் கூட்டாளிகள் அனுப்பிய ரேடியோ செய்திதான் காரணம். பெரியவர்கள் சண்டை போடும்போது ஓரமாக நிற்கிற பையன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் மாட்டி, கடைசியில் ஹாலாவில் 'மகா அறிவு' சிறை இருக்கும் இடத்துக்கே வந்து சேர்கிறான். க்ரீ வீரர்கள் சூழ்கிறார்கள். 'மகா அறிவு' அவன் மனதுக்குள் தூங்கும் ஒரு சக்தியை எழுப்புகிறது. அவன் மனதில் முதலில் என்ன வந்தது தெரியுமா? சின்ன வயதில் படித்த காமிக்ஸ் ஹீரோக்கள்! 1940 வாக்கில் வந்து, பிறகு பெரும்பாலோர் மறந்தே போன பழைய வீரர்கள் எல்லாம் நிஜமாகவே வந்து நின்று ரோனன் ஆட்களோடு மோதுகிறார்கள். பிறகு சக்தி முழுதாக வந்ததும், இரண்டு படையிலும் உள்ள அத்தனை க்ரீக்களும் ஸ்க்ரல்களும் நின்ற இடத்திலேயே சிலை போல உறைந்துவிடுகிறார்கள். போர் நின்றது.

1962-ல் வெட்டி ஒட்டிய காமிக்ஸ் படம் பூமியைக் காப்பாற்றியது. 1972-ல் ஞாபகத்தில் இருந்த காமிக்ஸ் காப்பாற்றியது. காமிக்ஸ் எழுதுகிறவர்கள் காமிக்ஸைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லட்டும். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் எனக்கு இரண்டு குறை உண்டு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் குறை, கிராடக். ரிக்கின் சக்தி வெளிப்படும் நேரத்தில் பூமியில் பேசிக்கொண்டிருந்த கிராடக்கின் வேடம் கலைகிறது. அவனும் ஒரு ஸ்க்ரல்! வேற்றுக்கிரகத்தாரைப் பிடி என்று கத்தியவனே வேற்றுக்கிரகத்தான். படிக்கும்போது "அட!" என்று இருந்தது. அவன் தூண்டிவிட்ட கூட்டமே அவன் மேல் பாய்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அத்தனை வெறுப்புக்கும் காரணம் வெளியே இருந்து வந்த ஒருவன்தான் என்று கதை தப்பித்துக்கொள்கிறது. மெக்கார்த்தி ஸ்க்ரல் இல்லையே, மனிதர்தானே! கிராடக்கையும் மனிதனாகவே விட்டிருந்தால் கதை இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். அதுவும் இல்லாமல், அந்தக் கூட்டம் கடைசியில் செய்ததும் கிராடக் சொல்லிக் கொடுத்ததைத்தான். ஏலியன் என்று தெரிந்ததும் அடித்தார்கள். அதைப் பற்றி அவெஞ்சர்ஸ் யாரும் அதிகம் பேசவில்லை.

இரண்டாவது குறை பெரியது. ஒன்பது இதழில் சக்கரவர்த்தி வருகிறான், தளபதி வருகிறான், ஒற்றன் வருகிறான். ஒரு சாதாரண ஸ்க்ரல் வீடு வரவே இல்லை. சமைக்கிற ஸ்க்ரல், பள்ளிக்கூடம் போகிற ஸ்க்ரல், கப்பலுக்குப் போன அண்ணன் எப்போ வருவான் என்று பார்த்திருக்கிற க்ரீ தங்கச்சி, ஒருத்தரும் இல்லை. சக்கரவர்த்தியின் மகள் அனெல் மட்டும் அப்பாவின் போர் வெறி பிடிக்காமல் நிற்கிறாள், அவளுக்கும் பக்கம் குறைவு. பூமி நடுவில் மாட்டிக்கொண்டது என்று கதை சொல்கிறது. ஆனால் அந்த இரண்டு ராஜ்யத்து ஜனங்களும் தங்கள் ராஜாக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தானே? உறைந்து நின்ற அந்தச் சிப்பாய்கள் பிறகு எப்போது அசைந்தார்கள், வீட்டுக்குப் போனார்களா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. "ரொம்ப யோசிக்காதே, படத்தைப் பாரு" என்று தம்பி சொன்னான்.

அதனால்தான் 2019-ல் வந்த படம் எனக்குப் பிடித்தது. அதில் ஸ்க்ரல்களைப் பாதிப்படம் வரை வில்லன் என்றே நினைக்க வைத்துவிட்டு, பிறகு அவர்கள் வீடிழந்து ஓடி வந்த அகதிகள் என்று காட்டுகிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைத் தேடி வந்தவர்கள். மார்-வெல்லையும் படத்தில் பெண்ணாக மாற்றி, அவர்களை ஒளித்துக் காப்பாற்றிய விஞ்ஞானி ஆக்கியிருந்தார்கள். காமிக்ஸில் சூப்பர் ஸ்க்ரல் போட்ட வேடமாக மட்டும் இந்தப் போருக்குள் வந்த கேரல் டான்வர்ஸ்தான் படத்தில் கதாநாயகி. நாற்பத்தெட்டு வருடத்தில் கதை எப்படித் திரும்பியிருக்கிறது பாருங்கள்.

காமிக்ஸிலும் இந்தப் போர் பிறகு ஒரு வழியாக முடிவுக்கு வந்தது. 2005-ல் ஹல்க்லிங் என்று ஒரு பையனை அறிமுகப்படுத்தினார்கள். அவன் யாரென்றால், மார்-வெல்லுக்கும் அந்த ஸ்க்ரல் இளவரசி அனெலுக்கும் பிறந்தவன். பாதி க்ரீ, பாதி ஸ்க்ரல், வளர்ந்தது பூமியில். 2020-ல் வந்த 'எம்பயர்' என்ற தொடரில் இரண்டு ராஜ்யமும் அவனையே சக்கரவர்த்தியாக ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அந்தத் தொடரில் படை எடுத்து வருகிறவர்கள் யார் தெரியுமா? கொடாட்டிகள். தோட்டம் போட்டுப் பரிசு வாங்கியதற்காகக் கொல்லப்பட்டார்களே, அந்தச் செடி இனம். இந்த முறை அவர்கள் கையில் ஆயுதம் இருந்தது. அவர்கள் வந்து இறங்கியது நிலாவில், அதன் பிறகு பூமியில்.